வாதி துலைஹுக்கு வந்த மின்கம்பம்

ஜனநாயகம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஜெருசலேமில், இஸ்ரேல் நாடாளுமன்றத்தில், முஸ்லிஹ் அபு தாலிஹ் உட்காரும் உறுப்பினர் நாற்காலியைத் தயங்காமல் காட்டலாம். அவர் அரபுக்காரர், அதிலும் நெகேவ் பாலைவனத்துப் பதூயின் குடியைச் சேர்ந்தவர். ஆனாலும் அமைச்சருக்குப் போட்ட அதே மெத்தைதான் அவருக்கும். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

முஸ்லிஹுக்குக் கரண்ட் வேண்டும். அவருடைய ஊரான வாதி துலைஹ் அரசாங்க வரைபடத்தில் இல்லாததால் அங்கே மின்சாரமும் இல்லை. மகள் வத்ஹாவுக்குப் புழுதி பட்டால் மூச்சு இழுக்கும். சூரியத் தகட்டை நம்பி ஓடும் மூச்சு மெஷின் மேகம் வந்தால் பாதியில் நின்றுவிடும். அதனால் சபையில் எழுந்து கேட்டார்.

"அப்படி ஒரு ஊரே இல்லையே" என்றார் அமைச்சர்.

"நான் அங்கதாங்க பொறந்தேன்."

"அது உங்க சொந்த விஷயம். அரசாங்கம் தலையிடாது."

இந்த 'நாகரிகமான' பதிலைத் தொலைக்காட்சியில் பார்த்த சிலர், அமைச்சரையே எதிர்த்துக் கேட்டதற்காக முஸ்லிஹுக்குக் கொலை மிரட்டல் விடுத்தார்கள். உறுப்பினர் உயிர் என்றால் சும்மாவா? பாதுகாப்பு அதிகாரி ஒவதியா கேமராவோடு வந்து இறங்கி, தகர வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"கேமராவுக்குக் கரண்ட் எங்க சார்?"

"அதைத்தான்யா சபையில கேட்டேன்."

"ஊருக்குன்னா கிடைக்காது சார். கேமராவுக்குன்னா கிடைக்கும்."

ஒரே வாரத்தில் கம்பம் நட்டார்கள். ஊர் திரண்டு வந்து காபி குடித்தது. முஸ்லிஹின் மனைவி சப்ஹா கம்பத்து உச்சியில் இருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தாள்.

"உங்களுக்குத் தராததை அதுக்குத் தந்துட்டாங்க, வத்ஹா அப்பா. அடுத்த தேர்தல்ல அதையே நிக்க வைங்க."

மின்பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தது. "வீட்டுக்கு இழுத்தா திருட்டு சார், கேமராவுல பதிவாயிடும்" என்ற ஒவதியா, வத்ஹா இருமுவதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். "வியாழக்கிழமை கேமராவைத் துடைக்கப் பெட்டியைத் திறப்பேன். அப்ப பாப்பா மெஷினை மாட்டிக்கட்டும்." ஆக, வத்ஹாவுக்கு வியாழக்கிழமைகளில் மூச்சு விட அனுமதி கிடைத்தது. முஸ்லிஹ் மகிழ்ச்சியில் அழுதேவிட்டார்.

அடுத்த மாதம், முஸ்லிஹ் சபையில் இருந்தபோது சப்ஹா போன் செய்தாள். அவர் விழுந்தடித்து ஓடி வந்தார். அவருடைய தகர வீடு, அரசாங்க பாஷையில் 'அனுமதியில்லாக் கட்டடம்', தரைமட்டமாகிக் கிடந்தது. கம்பமும் கேமராவும் கம்பீரமாக நின்றன. புழுதியில் வத்ஹா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். ஒவதியா யாரும் சொல்லாமலே பெட்டியைத் திறந்து மெஷினை மாட்டினார். மகளுக்கு மூச்சு சீரானதும் முஸ்லிஹ் ஒவதியா பக்கம் திரும்பினார்.

"நீ காவலுக்கு இருந்துமா ஒவதியா இப்படி?"

"எல்லார் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தேன் சார். எல்லாம் நம்ம அரசாங்கத்து ஆளுங்கதான். சந்தேகப்படும்படியா ஒருத்தன்கூட உங்க வீட்டை நெருங்கல."