வண்டி ஸ்பீக்கர் விவரம் கேட்டு மகனுக்கு எழுதியது

ஸர்ஸீஸ்,
வியாழக்கிழமை

அன்பு மகன் வஜ்திக்கு வாப்பா அம்மார் ஸலாம் கூறி எழுதுவது. இங்கே நானும் உன் உம்மாவும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உன் போன் பதினான்கு மாதமாகச் செத்துக் கிடப்பதால் இதை அங்கே வேலைக்குப் போய்வரும் லஸ்ஹர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் சிசிலியில், தக்காளித் தோட்டத்துப் பக்கம் பஸ்ஸிலிருந்து உன்னைப் பார்த்ததாகச் சொல்கிறான். உம்மா துருவித் துருவிக் கேட்டதில், பார்த்தது முதுகைத்தான் என்று ஒப்புக்கொண்டான்.

விஷயம் உன் வண்டி ஸ்பீக்கர். உன் மாமியை, என் அக்காவை, அடக்கம் செய்த மறுநாள் நீ வாசலில் பாட்டை அலறவிட்டதும், நான் உன் கட்டிங் பிளேயரையே எடுத்து எட்டு வயரையும் நறுக்கியதும் ஊரறிந்தது. நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசாமல் நான்காம் நாள் படகேறிவிட்டாய். இப்போது உன் உம்மா அந்திக்கு அந்தி அந்த வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். சத்தமில்லாத வண்டி கபுர்க் குழிக்குச் சமம் என்கிறாள், அதனால் சரிசெய்ய இறங்கினேன். நீ எல்லாவற்றையும் ஒரே வெள்ளை காலிங்பெல் வயரில் இழுத்து, வலைக்காரன் புத்தியில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்திருக்கிறாய் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று, நாலு. படகில் நாம் முன்முனை அணியத்து வலப்பக்கத்திலிருந்து எண்ணுவோம், நானும் அப்படியே எண்ணி இணைத்தேன். வலதைக் கூட்டினால் இடது அலறியது, முன்னால் குறைத்தால் பின்னால் அடங்கியது. நீ எங்கிருந்து எண்ணினாய் என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக் நூரி வந்து பார்த்து, "காக்கா, இது வயரா, அறுந்த வலையா?" என்று சிரித்தான். டார்ச் பேட்டரியை வயர் முனைகளில் தொட்டால் அதற்குரிய ஸ்பீக்கர் டப்பென்று துள்ளுமாம். நான் தொட, உம்மா கதவு கதவாகக் காது வைத்தாள். "இங்க தும்முது! இல்ல இல்ல, அந்தக் கதவு!" என்று அவள் கத்தி, அரை நாளில் நாலும் பிடிபட்டன. பாட்டைப் போட்டால் மேளச் சத்தமே இல்லை, எவனோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறான். "பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போச்சு காக்கா. ஒண்ணு தள்ளுது, இன்னொண்ணு இழுக்குது, ரெண்டும் சேந்து ஒண்ணுமில்லாம ஆக்கிடுது. நீங்களும் உங்க மவனும் மாதிரி" என்றான் நூரி. ஃபிரிட்ஜ்காரனுக்கு எவ்வளவு வாய் பார்.

அதையும் மாற்றிப் போட்டோம். உடனே பின் இடது கதவு சண்டித்தனம் செய்தது. திறந்திருந்தால் பாடும், மூடினால் ஊமை. கீல் பக்கம் வயர் உள்ளுக்குள் முறிந்திருக்கிறதாம். நான் கதவை அரைவாசி திறந்து கயிற்றால் கட்டிக்கொண்டு செக்குக்கு ஆலிவ் ஏற்றிப் போக, காவலர் மறித்தார். "கதவ மூடுங்க ஹாஜி!" "மூடுனா பாட்டு நின்னுடும் சார்." "எங்க, மூடிக் காட்டுங்க." மூடினேன், நின்றது. திறந்தேன், பாடியது. பாட்டு முடியுமட்டும் கேட்டுவிட்டு அபராதச் சீட்டு எழுதினார். திரும்பும் வழியில் ஒரு வயர் நுனி வண்டியின் தகரத்தில் உரச, பாட்டு செட்டே தானாக அணைந்துவிட்டது. இப்போது நாலும் ஊமை, என் இரண்டு விரலில் கட்டு, உம்மா பழையபடி இருட்டுகிறவரை வண்டிக்குள்.

ஆகவே எந்த முடிச்சு எந்தக் கதவு, எது பிளஸ் என்று ஒரு வரி எழுது. நான் வெட்டியது தப்புதான் மவனே. அக்காவைப் புதைத்த ஆத்திரத்தை உன் வயரில் காட்டிவிட்டேன்.

அல்லாஹ் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பானாக. உம்மா உன் நெற்றியில் முத்தம் வைக்கச் சொன்னாள், காகிதத்தில் அதை எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
வாப்பா அம்மார்

பி.கு: இதை எழுதி ஆறு வாரமாகிறது, லஸ்ஹரின் பயணம் தள்ளிப்போய்விட்டது. இதற்கிடையில் நூரி நிறம் நிறமாகப் புது வயர் இழுத்துவிட்டான். நாலு ஸ்பீக்கரும் ஜோராக அலறுகின்றன, தெருவே காதைப் பொத்துகிறது, நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே உன் விவரம் எதுவும் தேவையில்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன், உம்மா விடவில்லை. "மன்னிப்புக் கேட்டு மூணு தரம் ஆள் விட்டீங்களே, பதில் வந்துச்சா? வயர யாராச்சும் தப்பா மாட்டினா அவனால வாய மூடிட்டு இருக்க முடியாது. இதையே அனுப்புங்க" என்றாள். 'உயிரோடு இருந்தால்' என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. 'முட்டாள் கிழவா' என்று மட்டும் எழுதினாலும் போதும், அது உன் கையெழுத்தாக இருக்கட்டும்.