சினிமாத் தடைக் கூட்டத்தில் நான் பாடிய கடவுள் வாழ்த்து

பிள்ளைகளுக்கு எதையாவது தடை செய்ய வேண்டுமென்று கிளம்புகிற பெரியவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். பதினாறு வயது ஆகாதவர்களுக்குச் சமூக ஊடகம் கூடாதென்று இப்போது சட்டம் பேசுகிறார்கள். நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டே அதைப் பேசுகிறார்களே, அங்கேதான் எனக்கு என் அப்பா நினைவுக்கு வருகிறார்.

மெர்டேக்கா என்று மலாயில் சொல்லும் சுதந்திரம் கிடைத்த புதிது. எங்கள் ஊரான காஜா பேராங்கில் தமிழர் சங்கத்துக்கு அப்பாதான் செயலாளர். இனி நம் நாடு, நம் சட்டம் என்ற உற்சாகத்தில், பதினாறு வயதுக்குட்பட்டவர்களைச் சினிமாக் கொட்டகைக்குள் விடக்கூடாதென்று சட்டம் கேட்டுக் கூட்டம் போட்டார். “நான் கொட்டகை வாசப்படிய மிதிச்சதே இல்ல” என்பது அவர் ஊரெல்லாம் சொல்லும் பெருமை.

எனக்குப் பதினான்கு வயது. நானும் மிதித்ததில்லை. (என்னுடையது பெருமை இல்லை, ஏக்கம்.) அப்பா ஒரு பேரம் பேசினார்.

“கூட்டத்துல கடவுள் வாழ்த்து ஒழுங்கா பாடு. சனிக்கிழமை அம்மாகூட ஒரே ஒரு படம் போய்ட்டு வா. சட்டம் வந்துட்டா அதுவும் கிடையாது.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவை மகிழ்விக்க, அவர் தினமும் குளிக்கும்போது உருகிப் பாடும் முருகன் பாட்டையே ரகசியமாகப் பழகினேன். ஏதோ கோயில் பாட்டு என்று நினைத்த என் மண்டையை எதில் போய் முட்டுவது!

கூட்டத்தன்று தலை நிறைய எண்ணெய், நெற்றி நிறைய திருநீறு. பல்லவி முடிவதற்குள் பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் வாயாலேயே மேளம் அடித்தான்.

“அக்கா, இது படத்துப் பாட்டு லா!”

நான் அவசரமாகச் சரணத்துக்குத் தாவினேன். மேடையில் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அப்பா, மூடிய கண்ணோடு அதட்டினார்.

“அவசரப்படாதம்மா! மொதல்ல மின்னல் வெட்டும், கோயில் கதவு தெறக்கும், அப்பறந்தான் சரணம்!”

மண்டபம் அதிர்ந்தது. தலைவர் மெதுவாகக் கேட்டார். “செயலாளரே, எத்தன தடவ பாத்தீங்க?”

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்மேல் பாய்ந்தார். “ஒன்னாலதான்டி மானம் போச்சு! சனிக்கிழமையும் கிடையாது, ஒன்னும் கிடையாது!”

“நான் என்னாப்பா செஞ்சேன்?”

“ஒனக்கு வேற பாட்டே தெரியலயா?”

எப்படித் தெரியும்? அவர் வேறு பாட்டுப் பாடினால்தானே!

நாட்டில் அந்தச் சட்டம் வரவே இல்லை. எங்கள் வீட்டில் வந்தது, எனக்கு மட்டும். பதினாறு முடியும்வரை தெருப் பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு வந்து சொன்ன கதையைத்தான் வேலியோரம் நின்று கேட்டேன். அப்பாவுக்கு மட்டும் சனிக்கிழமைதோறும் “சங்க வேலை” தவறவில்லை. அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த தம்பிக்கு இப்போது எழுபது ஆகப்போகிறது. போன வாரம் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: “இந்தச் சட்டம் ரொம்ப நல்லதுக்கா. பிள்ளைங்க கெட்டுப் போவுதுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள், இந்தக் கதையை என்னிடம் பலமுறை கேட்டிருந்த அவன் பேத்தி முந்திக்கொண்டாள்.

“தாத்தா, மொதல்ல கடவுள் வாழ்த்துப் பாடுங்க லா.”

தம்பி தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.