தபால் செலவு தனி

கணக்கருக்குத் தன் மனைவியின் அமைதியில் என்றுமே நம்பிக்கை கிடையாது. கத்தினால் பரவாயில்லை, எந்தப் பக்கம் ஓடலாம் என்றாவது தெரியும். அன்று அவள் கத்தவில்லை. அளவு நாடாவைக் கையில் எடுத்து, கூடத்தில் இருந்த புத்தக அலமாரியை மேலும் கீழுமாக அளந்தாள்.

"என்னம்மா அளக்குறே?"

"தைக்க வந்த துணியெல்லாம் சோபாவுல கிடக்கு. பாதித் துணி மேல நீங்க உக்காந்திருக்கீங்க. எனக்கு இந்த அலமாரி வேணும். புத்தகத்தை வித்துடுங்க."

கணக்கர் எழுந்தார். யாருடைய சட்டையோ நசுங்கிக் கிடந்தது. அலமாரி நிறைய அவர் ஆசை ஆசையாகச் சேர்த்த துப்பறியும் கதைகள். பாதிக்கு மேல் இன்னும் படிக்கவில்லை. கொலைகாரன் யார் என்றே தெரியாமல் எப்படி விற்பது? ஆனால் முடியாது என்று சொல்லும் உரிமை அந்த வீட்டில் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

"வித்துடலாம்! ஆன்லைன்ல போட்டு ஒண்ணு விடாம வித்துக் காட்டுறேன், பாரு!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில் அவளுக்குச் சந்தேகம். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டதோ என்று இவருக்குச் சந்தேகம்.

குழாய்க் கடையில் வரவு செலவு எழுதிப் பழகிய மூளை சும்மா இருக்குமா? பழைய புத்தகம் விற்கும் ஓர் இணையதளத்தில் விலையையும் தபால் செலவையும் விற்பவரே தனித்தனியாகப் போட்டுக்கொள்ளலாம். எல்லாப் புத்தகத்துக்கும் விலை ஒரே ஒரு காசு என்று போட்டார். தபால் செலவை மட்டும், புத்தகம் ஜன்னலோர சீட்டில் சாப்பாட்டோடு விமானத்தில் போவதுபோல் போட்டார். ஒருவனும் வாங்க மாட்டான். புத்தகம் வீட்டோடு இருக்கும். பழி, படிக்காத ஜனங்கள் மேல்.

தோளுக்குப் பின்னால் மூச்சுக் காற்று.

"விலை ஒரு காசா? தபால் செலவு ஏன் தலை சுத்துற அளவுக்கு இருக்கு?"

"கமிஷன் இருக்கேம்மா! புத்தக விலையிலதான் தளத்துக்காரன் கமிஷன் புடிப்பான். தபால் செலவுல கை வைக்க மாட்டான். அதான் எல்லாத்தையும் அந்தப் பக்கம் தள்ளிட்டேன்."

"யாரு வாங்குவா?"

"ஆசை இருக்குறவன் வாங்குவான். எடை இருக்கு, அட்டைப்பெட்டி இருக்கு, ஒட்டுற டேப் இருக்கு..."

"இதென்ன கட்டம்? 'நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம், தபால் செலவு இல்லை'ன்னு டிக் போட்டிருக்கு?"

"அது அவங்களே போட்டு வெச்சிருக்காங்க. லிஃப்ட் இல்லாத நாலாவது மாடிக்கு எவன் ஏறி வருவான்? கிடக்கட்டும்."

"ஓஹோ" என்றாள். அந்த ஓஹோ கணக்கருக்குப் பிடிக்கவில்லை.

நாட்கள் போயின. ஒன்றும் விற்கவில்லை. "படிக்கிற பழக்கமே போயிடுச்சு" என்று கணக்கர் அவள் காதில் விழும்படி வருத்தப்பட்டார், உள்ளே ஒரே குஷி.

ஒரு சனிக்கிழமை அவருடைய ஃபோன் கிணுகிணுத்தது. மொத்தப் புத்தகமும் விற்றுவிட்டது! வாங்கியவர் பெயர் 'பொறுமைசாலி'. நாளைக் காலை நேரில் வந்து எடுத்துக்கொள்கிறாராம். தபால் செலவு, பூஜ்யம். கணக்கர் தளத்தின் விதிமுறைகளைத் தேடிப் படித்தார். மாட்டேன் என்று பின்வாங்கினால் புத்தகத்துக்குப் புத்தகம் அபராதமாம்.

"யாரா இருக்கும்?"

"யாரா இருந்தா என்ன? வித்தாச்சுல்ல?"

"கீழ இருக்குற மருந்துக்கடைக்காரனா இருக்குமோ? காலையில என்னைப் பாத்து சிரிச்சான்."

"அவரு எல்லாரையும் பாத்துதான் சிரிப்பாரு."

"அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு!"

மறுநாள் விடிந்ததும் வாசல் கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிறவன் எவனானாலும் காலில் விழுந்தாவது திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு. மணி அடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மனைவி. ஒரு கையில் ஃபோன், இன்னொரு கையில் சில்லறை.

"பொறுமைசாலி வந்திருக்கேன். எடுத்துக்கலாமா?"

கணக்கர் நாற்காலியிலிருந்து குதித்தெழுந்தார். "செ... செல்லாது! நீ எங்க நேர்ல வந்தே? வீட்டுக்குள்ளயே இருக்கே!"

"சமையலறையிலேருந்து கூடத்துக்கு நேர்லதானே வந்தேன்? தபால்லயா வந்தேன்?"

சாயங்காலம் அலமாரியில் துணிகள் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தன. புத்தகங்கள் பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. கணக்கர் கட்டிலுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தார். பாதி படித்த கதை ஒன்று அதில் இருந்தது. கதையில் வரும் சமையல்காரி மேல்தான் அவருக்குச் சந்தேகம்.

"ஏம்மா, அந்த நீல அட்டைப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா. விலை ஒரு காசு. தபால் செலவு, நீங்க போட்டிருந்ததுதான்."

"கட்டிலுக்கு அடியில இருக்குறதுக்குத் தபாலா? நானே நேர்ல வந்து எடுத்துக்குறேன்!"

அவள் தையல் மிஷினிலிருந்து நிமிரவில்லை.

"அந்தக் கட்டத்துல நான் டிக் போடலீங்க."