தெர்மாமீட்டர் மேல் ஒரு புகார்

குழந்தையின் பாதத்தைத் தொட்ட சேஷன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். பனிக்கட்டி மாதிரி இருந்தது. வயிற்றைத் தொட்டான். அதுவும் ஜில். கழுத்து, நெற்றி எல்லாமே ஜில்.

ஒன்பது மாதக் குழந்தை. இரண்டு நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது மனைவி வத்சலா, "வெறும் ஜலதோஷம்தான். மூக்கைத் துடைச்சுவிட்டாப் போறும். நீங்களா எதையாவது பண்ணி வெக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்தக் கடைசி வாக்கியம் ஆறு மணியிலிருந்து சேஷனை அறுத்துக்கொண்டிருந்தது. நான் என்ன பண்ணி வைக்கிறவனா?

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வரவில்லை. எதிர் வீட்டு மிஸஸ் கௌர் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போன் செய்து லீவு கேட்டான். பார்லிமெண்ட் கேள்விக்கு அன்று பதில் போயாக வேண்டும். செக்‌ஷன் ஆபீசர் கல்யாணராமன், "குழந்தைக்கு ஜலதோஷம்னா உமக்கெதுக்கு ஓய் லீவு?" என்றார். சேஷன் போனை வைத்தான். வைத்த வேகத்தில் மிஸஸ் கௌரின் மேஜையில் இருந்த பூ ஜாடி ஆடியது.

காப்பி கஷாயமாகக் கசந்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று கண்ட பொடியை வாங்கியிருக்கிறாள். குளிர் முதுகெலும்பில் ஏறியது. பதினோரு வருஷ தில்லி ஆர்.கே.புரம் வாசத்தில் இப்படி ஒரு டிசம்பரை அவன் பார்த்ததில்லை. இந்த ஊரில் குழந்தை பெற்றுக்கொள்வதே தப்பு என்ற முடிவுக்கு வந்தபோதுதான் அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான்.

இரண்டு ஸ்வெட்டர் போட்டான். குழந்தை சிணுங்கியது. மேலே ஒரு ஷால் சுற்றினான். சிணுங்கல் அழுகையாயிற்று. ஹீட்டரை இழுத்துக் கட்டிலருகே வைத்தான். சற்று நேரத்தில் குழந்தையின் முகம் தக்காளியாகச் சிவந்து, கழுத்தில் பொட்டுப் பொட்டாகத் தடித்தது. தொட்டால் அப்போதும் ஜில்.

யூகலிப்டஸ் தைலத்தை மார்பில் தடவினான். குழந்தை அதில் கையை வைத்துக் கண்ணைத் தேய்த்துக்கொண்டது. அதன்பின் எழுந்த அலறலில் மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். சேஷன் துடைப்பத்தின் கட்டையால் கூரையைத் திருப்பித் தட்டினான்.

மறுபடியும் எதிர் வீட்டுக்கு ஓடி எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்தான். டியூட்டியில் இருக்கும் ஆபரேட்டரைக் கூப்பிட முடியாது என்றாள் சூபர்வைசர். தில்லி முழுவதற்கும் லைன் கொடுக்கிறவளுக்கு அவன் பேச லைன் இல்லை.

மிஸஸ் கௌர் தெர்மாமீட்டரோடு பின்னாலேயே வந்து, ஒரு ஸ்வெட்டரையும் ஷாலையும் கழற்றி, குழந்தையின் கண்ணைக் கழுவி, ஹீட்டரை அணைத்தாள். எல்லாம் அவனைக் கேட்காமல். அழுகை பாதியாகக் குறைந்ததைக் கவனிக்கும் நிலையில் அவன் இல்லை. குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "டீக் ஹை, பாயி சாப். நார்மல்" என்றாள். அதோடு விடாமல், அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்து, நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று வேறு கேட்டாள். இதைவிடக் குத்தலாக ஒரு மனுஷி பேச முடியாது என்று சேஷனுக்குப் பட்டது.

தெர்மாமீட்டரை அவள் கையிலிருந்து பிடுங்கினான். பனிக்கட்டியாக இருக்கும் குழந்தைக்கு நார்மல் காட்டுகிறதென்றால் கருவியில்தான் கோளாறு. மறுபடி வைத்துப் பார்ப்பதற்காக வாஷ்பேசினில் கழுவி, அதைப் பலமாக உதறினான். தெர்மாமீட்டர் தண்ணீர்க் குழாயில் இடித்து உடைந்தது. பாதரசம் முத்து முத்தாக வாஷ்பேசினில் ஓடியது. மிஸஸ் கௌர் ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டுக்குப் போனாள். ஒன்றும் சொல்லாமல் போனது அவன் கோபத்தை இன்னும் கிளப்பியது.

குழந்தையைப் பஞ்சு ரஜாய்ப் போர்வையில் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டர் ரிக்‌ஷா பிடித்தான். டிரைவர் மெதுவாகப் போனபோது ஜல்தி என்று கத்தினான். வேகமாகப் போனபோது, காற்றடிக்கிறது, குழந்தையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கத்தினான். டிரைவர் டிஸ்பென்சரிக்கு இரண்டு தெரு முன்னாலேயே இறக்கிவிட்டுவிட்டான்.

அங்கே முப்பது பேர் வரிசையில் இருந்தார்கள். சேஷன் வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே போனான். ஒரு ரிடயர்டு பெரியவர் ஆட்சேபித்தார். சேஷன் அவரை, அவர் வேலை பார்த்த இலாகாவை, பென்ஷன் கொடுக்கிற சர்க்காரை எல்லாம் ஒரே மூச்சில் திட்டினான்.

நர்ஸ் செலின் நாகர்கோவில்காரி. இருபது வருஷமாகத் தில்லித் தகப்பன்களைப் பார்த்தவள். ரஜாயைப் பிரித்தாள். வேர்த்து நனைந்திருந்த குழந்தை காற்றுப் பட்டதும் அவளைப் பார்த்துச் சிரித்தது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து எடுத்தாள்.

"தொண்ணூத்தெட்டு. ஒண்ணும் இல்ல சார், சளி மட்டும்தான்."

"உங்க தெர்மாமீட்டர் சரியில்ல" என்றான் சேஷன். "காலம்பரேலேர்ந்து குழந்தை ஐஸா இருக்கா. தொட்டுப் பாத்துச் சொல்றேன் நான். எல்லாருமா சேந்துண்டு நார்மல் நார்மல்ங்கறேள். எழுத்துல குடுப்பேன். மினிஸ்ட்ரி வரைக்கும் போவேன்."

கை நடுங்க, கண் சிவக்க அவன் போட்ட சத்தத்தில் உள் அறையிலிருந்து டாக்டரே எட்டிப் பார்த்தார். செலின் குரலை உயர்த்தவில்லை. தெர்மாமீட்டரை ஸ்பிரிட்டில் துடைத்து, தண்ணீரில் கழுவி, உதறினாள். அடுத்த வாக்கியத்துக்காக அவன் வாயைத் திறந்தபோது நாக்குக்கு அடியில் செருகினாள்.

"சரியா இருக்கா இல்லியான்னு இப்பத் தெரிஞ்சிரும். வாய மூடுங்க."

அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அமைதி நிலவியது. குழந்தை செலினின் தோளில் சாய்ந்து கண் அயர்ந்தது. வரிசையில் நின்ற முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செலின் தெர்மாமீட்டரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தெர்மாமீட்டர் நல்லாத்தான் இருக்கு சார். புள்ளைக்குத் தொண்ணூத்தெட்டு, உங்களுக்கு நூத்தி மூணரை."