அறுபத்து மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே துக்கம்

ராஜாக்கள் மலிந்து கிடந்த ஒரு காலத்தில், ஜெர்மன் தேசத்துக் காடுகளுக்கு நடுவே நீடர்பாக் என்று ஒரு ராஜ்யம் இருந்ததாம். மேற்கு எல்லையில் ஒருவர் தும்மினால், கிழக்கு எல்லைக் காவல்காரன் தொப்பியைத் தூக்கி, "நல்லாயிருங்க!" என்பான். அவ்வளவு பெரிய ராஜ்யம்.

படை என்று பதினோரு சிப்பாய்கள். அதில் ஏழு பேர் வாத்தியக்காரர்கள். நிலமும் இல்லை, படையும் இல்லை என்றாலும் உறவினர்கள் இருந்தார்கள். வடக்கே உள்ள பேரரசரின் குடும்பத்தில் அறுபத்து மூன்று பேர் நீடர்பாக் அரசருக்குச் சொந்தம் என்று அரண்மனை மேலாளர் பாரன் லெப்ரெஹ்ட் தோல் அட்டை போட்ட புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் கண்ணை மூடினால் நீடர்பாக் முழுவதும் கறுப்பு உடுத்த வேண்டும். நெருங்கிய சொந்தம் என்றால் ஆறு மாதம். சம்பந்தி வழி என்றாலும் மூன்று மாதத்துக்குக் குறையாது. அந்த நாட்களில் பாட்டு, நடனம், கல்யாணம் மூன்றும் கூடாது.

சங்கடமெல்லாம் இளவரசி ஒட்டிலிக்குத்தான். இருபத்திரண்டு வயதில் பக்கத்து நாட்டுக் கஸிமிருக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். இப்போது இருபத்தொன்பது. எட்டுத் தடவை தேதி குறித்தார்கள். எட்டுத் தடவையும் பேரரசர் வீட்டில் யாராவது முந்திக்கொண்டார்கள். நிச்சயத்தன்று கஸிமிர் தலையில் சுருள்முடி இருந்தது. இப்போது சுருள்வதற்கு ஒன்றும் இல்லை.

ஒன்பதாவது தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தையல்காரி வால்புர்கா நீலப் பட்டுக் கல்யாண உடுப்பின் இடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு பெரியவங்க போனா தாங்காது இளவரசியம்மா. பிரிச்சு விட இனி உள்ளே துணி இல்ல."

"நான் என்ன பண்றது? ஆடக் கூடாது, பாடக் கூடாது. கேக்குக்கு மட்டுந்தான் தடை இல்ல."

அப்போது பாரன் உள்ளே வந்தார். கையில் பேரரசின் செய்தித்தாள், மூன்று வாரப் பழையது. ஒட்டிலி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தத் தடவை யாரு?"

"பேரரசரோட சித்தப்பாவுக்கு மாமியார், இளவரசி. வயசு தொண்ணூத்தி நாலு. அகால மரணம்."

"அவங்கள நாம பாத்திருக்கோமா?"

"இல்லை."

"அவங்களுக்காவது நம்மளத் தெரியுமா?"

பாரன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அப்படி ஒரு கேள்வி விதியிலே இல்லை, இளவரசி."

மறுநாள் கஸிமிர் வந்தான். "செத்தவங்க மேல எனக்குக் கோவமில்ல ஒட்டிலி. ஆனா எனக்கு நாப்பத்தொண்ணு ஆகுது. இப்படியே போனா அந்த வரிசையில நானும் போய் நின்னுடுவேன். நேரா பேரரசர் வீட்டுக்கே எழுதிக் கேளேன். ஒரே ஒரு நாள் விலக்கு கொடுங்கன்னு. உறவுக்காரங்கதானே?"

ஒட்டிலி எழுதினாள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. கூடவே ஒரு மரப்பெட்டியும்.

'தாங்கள் குறிப்பிடும் நீடர்பாக் குடும்பத்தை எங்கள் உறவுப் பதிவேடுகளில் தேடியதில், அப்படி எதுவும் காணப்படவில்லை. ஆகவே தாங்கள் துக்கம் அனுசரிக்கும் அவசியம் எழவில்லை. நாற்பது ஆண்டுகளாகத் தாங்கள் அனுப்பிய இரங்கல் கடிதங்களைப் பிரிக்கப்படாத நிலையிலேயே இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளோம்.'

ஒட்டிலி படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா! நமக்கு அங்க யாருமே சொந்தமில்லையாம்! நாளைக்கே கல்யாணத்த வச்சுக்கலாம்!"

அரசர் எமரிஹ் கடிதத்தைப் படித்தார். முகம் வெளிறிப் போயிற்று. பாரன் பேனாவை எடுத்து, புத்தகத்தைத் திறந்து, வெகுநேரம் கூட்டினார்.

"பத்தொன்பது வருஷம், நாலு மாசம், மகாராஜா. கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டிருக்கேன்."

"என்ன கணக்கு அது?" என்றாள் ஒட்டிலி. "அவங்க யாரும் சாகலையே!"

"செத்திருந்தா ஒவ்வொருத்தராப் போயிருப்பாங்க, இளவரசி. இவங்க அறுபத்து மூணு பேரும் ஒரே தபால்லே போயிட்டாங்க."

அப்பா அந்தக் கணக்கின் கீழே கையெழுத்துப் போட்டார். ஒட்டிலி கடிதத்தோடு சந்தைச் சதுக்கத்துக்குப் போனாள். அறுவடைத் திருவிழாவில் ஆடி எத்தனை வருஷமாயிற்று என்று தினமும் புலம்பும் ஜனங்கள் அவர்கள். உரக்கப் படித்துக் காட்டினாள். ரொட்டிக்காரர் கோர்பினியன் தொப்பியைக் கழற்றினார்.

"அப்போ அந்தத் தொண்ணூத்தி நாலு வயசுக் கெழவி நமக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஒண்ணும் ஆகாது! இந்த வருஷம் நீங்க ஆடலாம்!"

"எப்படி ஆடறது? பக்கத்து ஊர்க்காரன் அவனோட மேயர் செத்தாத்தான் கறுப்பு கட்டுவான். நாம பேரரசர் வீட்டுக்கே கட்டினவங்க. இப்ப ஆடினா அவன் சிரிக்க மாட்டானா?"

பாரன் போட்ட கணக்கு அதற்குள் சந்தைக்கும் வந்திருந்தது. பீர்க் கடைக்காரி ஒட்டிலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கடுதாசிய யாருக்கும் காட்டாதீங்க கண்ணு. பத்தொம்பது வருஷந்தானே? பழகிப்போச்சு."

சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லார் கையிலும் புதுக் கறுப்புப் பட்டை ஏறிவிட்டது.

காலையில் ஒட்டிலி நீல உடுப்பை மாட்டிக்கொண்டு மேற்கு எல்லையைப் பார்த்து நடந்தாள். கஸிமிர் அங்கே நின்றிருந்தான். அவன் வீட்டில் பெரிய இடத்து உறவு ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் நிச்சயத்துக்குச் சம்மதிக்க அப்பா முதலில் யோசித்தார். அதற்காகவே இப்போது ஒட்டிலிக்கு அவன்மேல் பிரியம் இரட்டிப்பாகியிருந்தது.

அரசரும் பாரனும் ஊர் ஜனங்களும் கறுப்பில் வரிசையாக நின்றார்கள்.

"லெப்ரெஹ்ட்," என்று அப்பா மெல்லக் கேட்டார், "என் பொண்ணு போறாளே. இதுக்கு எத்தனை நாள்?"

"இளவரசி உயிரோட இருக்காங்க, மகாராஜா. விதியிலே இடமில்லை."

"அப்போ நான் அழக் கூடாதா?"

"இந்தத் துக்கம் அந்த அறுபத்து மூணு பேருக்கானது. இதிலே வேற ஒருத்தருக்கு அழுதா அவங்களுக்கு மரியாதை இல்லை."

ஒட்டிலியின் காதில் அது விழுந்தது. கண்ணால் பார்த்திராத கிழவிகளுக்கெல்லாம் தேம்பிய ஊர், தோளில் தூக்கி வளர்த்த பெண்ணை முறைப்படி, கண்ணில் பொட்டு ஈரமில்லாமல் வழியனுப்பியது. அப்பா மட்டும் கழுத்தை அண்ணாந்து, வானத்தில் எதையோ தேடுவதுபோல் நின்றார்.

எல்லைக்கல்லைத் தாண்டியதும் அவளுக்குத்தான் அழுகை முட்டியது. அடக்கப் பார்த்தாள். அது மூக்கு வழியாகப் பெரிய தும்மலாக வெளியே வந்தது.

"நல்லாயிருங்க!" என்றது கிழக்கு எல்லையிலிருந்து ஒரு குரல்.

ஒட்டிலி மூக்கைத் துடைத்துக்கொண்டு, கஸிமிரின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.