ஆறு பாகை முதுகிலா, பென்சிலிலா?

மலைக்கோட்டை நேற்று இருந்த உயரத்தில்தான் இன்றும் இருக்கிறதா என்று சந்தேகப்படக்கூடிய மனிதர் திருச்சிராப்பள்ளியில் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பாகைமானி இருக்கும். அதனால் பெரிய டாக்டரிலிருந்து கூட்டுகிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் ‘பாகைமானி’.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு நாள் நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். காவிரிப் பாலத்தில் வண்டி லேசாகச் சாய்ந்தது. உடனே பாகைமானியை ஜன்னல் கம்பியில் வைத்துப் பார்த்துவிட்டு, “நாலு பேரு இந்தப் பக்கம் வந்து உக்காருங்க” என்றார்.

“சார், இது பஸ்ஸு, உங்க எக்ஸ்ரே படம் இல்ல. டிக்கெட் எடுங்க” என்றார் கண்டக்டர்.

“எடுக்கறேன். எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடறேன்.”

அவரிடம் நோயாளியாக நான் போய்ச் சேர்ந்தது பதினாறு வயதில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஆசிரியப் பயிற்சிக்கு இடமும் வாங்கியிருந்தேன். முதுகெலும்பு மட்டும் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. தொட்டியத்தில் வாழை பயிரிடும் அப்பா, “சாஞ்ச மரத்துக்கு முட்டுக் குடுத்தா நின்னுடுமே டாக்டர்” என்றார். டாக்டர் சிரிக்கவில்லை.

முதல் படத்தில் வளைவு முப்பத்தொரு பாகை. ஐந்து மாதம் கழித்து எடுத்த படத்தில் முப்பத்தேழு.

“வேகமா கூடுது. மெட்ராஸுக்கு எழுதறேன். முதுகுல ஆபரேஷன். அப்புறம் ஒரு வருஷம் மாவுக்கட்டோட படுக்கணும்.”

ஒரு வருஷம்! எனக்குக் கிடைத்த இடம் அதுவரை காலியாகவா இருக்கும்? பக்கத்து பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள், ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பாத பெண்ணின் கதையைக் கேட்காமலே சொன்னார்.

அப்போதுதான் பாகைமானி படங்களோடு உள்ளே வந்தார். “டாக்டர், அந்த ஆறு பாகை இந்தப் பொண்ணு முதுகுல இருக்கா, நம்ம பென்சில்ல இருக்கா?”

“ஆரம்பிச்சுட்டியாய்யா?”

“முதல் படத்த அளந்தது நான் லீவுல இருந்தப்ப வந்த ஆளு சார்.”

வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதிகமாகச் சாய்ந்த எலும்பைப் பிடித்து ஒவ்வொரு கோடு போட வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள கோணம்தான் கணக்கு. அந்த ஆள் மேலே பிடித்தது ஒரு எலும்பு, இவர் பிடித்தது அதற்கு அடுத்தது.

“ரெண்டையும் ஒரே கை அளக்கணும் சார். மூணு நாள் குடுங்க.”

டாக்டர் கொடுத்தார். கொடுக்காவிட்டால் வாசலிலேயே நிற்பார் என்று அவருக்குத் தெரியும்.

பாகைமானி பழைய கோடுகளைப் பஞ்சால் துடைத்தார். தேதிகளின் மேல் காகிதம் ஒட்டினார். எது பழசு, எது புதுசு என்று அளக்கும்போது தனக்கே தெரியக் கூடாதாம். கூட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டு, “ரெண்டையும் மாத்திக் கலைச்சுக் குடுங்க” என்றார்.

“வேலை பாக்க வந்தீங்களா, சீட்டாட வந்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே கலைத்தார் அந்த அம்மா.

அளந்ததை எழுதி, மடித்து, பெட்டியில் போட்டுப் பூட்டினார். மறுநாளும் அப்படியே.

இரண்டாம் நாள் அவர் காபி குடிக்கப் போனபோது எனக்குப் பொறுக்கவில்லை. கோடும் கோணமும் அளக்கிற க்ஷேத்திரகணிதத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் நான். எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்து, ஒட்டியிருந்த காகிதத்தைத் தூக்கித் தேதி பார்த்து, புதுப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, நானே அளந்தேன். நாற்பத்துமூன்று.

“எவ்வளவு வந்துச்சு?” பின்னால் அவர்.

சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

“முறை சரிதான்மா. கைதான் நடுங்குது. பயந்துகிட்டே அளந்தா கூடத்தான் வரும்.” கோடுகளைத் துடைத்தார். “இனிமே கதவப் பூட்டிட்டுத்தான் காபிக்குப் போவணும் போல.”

மூன்றாம் நாள் டாக்டர் முன்னால் காகிதங்களைப் பிரித்தார். பழைய படம்: முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்தேழு. புதுப் படம்: முப்பத்தேழு, முப்பத்தைந்து, முப்பத்தாறு.

“அப்ப கூடலீங்களா?” என்றார் அப்பா.

“கூடலைன்னு நான் சொல்ல மாட்டேன் ஐயா. கூடிச்சுன்னு சொல்ல நம்மகிட்ட ஒண்ணும் இல்ல.”

“சாமி, நல்லதா கெட்டதா, ஏதாவது ஒண்ணச் சொல்லுங்களேன்!”

டாக்டர் மெட்ராஸ் கடிதத்தைக் கிழித்தார். ஆறு மாதம் கழித்து இன்னொரு படம், அதுவரை படிக்கப் போகலாம் என்றார். போனேன். ஆறு மாதமும் ராத்திரி பகலாக முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

அடுத்த படத்திலும் எண் மாறவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று அது தெரியாமல் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். பாகைமானி மூன்று படங்களையும் முன்பு லீவுக்கு வந்த அந்த ஆளிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் காலும் ஆடிக்கொண்டிருந்தது.

“நீங்க அளக்கலையா சார்?”

“என் கைய நம்ப முடியாதும்மா” என்றார் மூடிய கதவைப் பார்த்தபடி. “உன் படம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. குறைச்சுத்தான் போடும்.”