புறவாசல் பிச்சி

"செடி எப்படி இருக்கு?" என்று கோயம்புத்தூரிலிருந்து மனைவி சங்கரேஸ்வரி போனில் கேட்டபோது, ஆறுமுகச்சாமி செடிக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். புறவாசல் மதிலோரம் பந்தல் மேல் அடர்ந்து கிடந்த பிச்சிக்கொடியில் இப்போது மிச்சம் மூன்று குச்சிகள். அதில் ஒன்றில் காக்கா உட்கார்ந்திருந்தது.

"ஜம்முனு இருக்கு" என்றார்.

"பூக்குதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "பூத்துக் குலுங்குது" என்று வந்துவிட்டது.

மறுமுனையில் அவள் போனை மறு காதுக்கு மாற்றுகிற வளையல் சத்தம் கேட்டது.

"நிசமாவா சொல்லுதிய?"

"பின்னே? உங்கிட்டப் போயி பொய் சொல்லுவனா?"

"அப்போ சரி. வழக்கம்போல மார்த்தாள் டீச்சருக்கு ரெண்டு முழம் குடுத்திருங்க. வீட்டுல பூவை வச்சுக்கிட்டு நாலு பேருக்குக் குடுக்காம இருக்கக் கூடாது."

ஆறுமுகச்சாமி கண்டக்டர். அதாவது, சித்திரை முடிகிற வரைக்கும் கண்டக்டர். முப்பது வருஷமாகப் புளியங்குடி ரூட்டில் விடியற்காலை முதல் வண்டியில் ஏறினால், வீடு திரும்பும்போது ஊர் அடங்கியிருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் புளியங்குடியிலிருந்து ஒரு பிச்சிப் பதியனை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து நட்டார். மனைவிக்கு அவர் தன் கையால் கொடுத்தது என்று சொன்னால் அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் அவளே வாங்கிக்கொண்டாள்.

பிச்சி பொழுது சாயும்போது வாய் திறக்கிற பூ. அந்த நேரத்தில் அவர் புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சை மூட்டைக்காரர்களோடு லக்கேஜ் சண்டையில் இருப்பார். ராத்திரி வீட்டுக்குள் நுழைந்தால் அவள் தலையில் பூ மணக்கும். "நம்ம செடியா?" என்பார். "பின்னே?" என்பாள். வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அவருக்குச் சொன்னது அந்த வாசம்தான். கொடியில் பூத்து அவர் பார்த்ததில்லை. லீவு நாளில் தூங்கி எழுந்து புறவாசலுக்கு வருவதற்குள் அவள் பறித்து முடித்திருப்பாள்.

ரிட்டயர் ஆனதும் சாயங்காலமெல்லாம் புறவாசலில் ரெண்டு நாற்காலி போட்டு, பூ மலர்கிறதைப் பார்த்துக்கொண்டே அவளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. நாற்காலிகூட வாங்கிவிட்டார். அடுத்த வாரமே மகள் ராஜகுமாரிக்கு ரெண்டாவது பிரசவம். டாக்டர் பயணம் கூடாது என்றதால் சங்கரேஸ்வரி கோயம்புத்தூருக்குக் கிளம்பிப் போய்விட்டாள். முப்பது வருஷம் அவர் பஸ்ஸில், அவள் வீட்டில். இப்போது அவர் வீட்டில், அவள் வேறு ஊரில். அவருக்கு யார் மேலும் கோபம் இல்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் அந்தக் காலி நாற்காலியைப் பார்க்க முடியவில்லை.

அந்த ஏக்கத்தை எல்லாம் செடியில் காட்டினார். அதுதான் வினை.

"தண்ணி மட்டும் மறந்திராதிய" என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எதையும் படிக்கட்டு வரைக்கும் நிரப்பியே பழகிய மனிதர், செடி மூட்டில் மீன் விடுகிற அளவுக்குத் தண்ணீர் கட்டினார். இலை மஞ்சளாயிற்று. உரக்கடை பெத்துராஜிடம் போனார்.

"சத்துக் குறைச்சல் அண்ணாச்சி. ஒரு ஸ்பூன் யூரியா போடுங்க."

ஒரு ஸ்பூன் எந்த மூலைக்கு என்று ஒரு சொம்பு போட்டார். மஞ்சளாயிருந்த இலை கருகிற்று.

"கவாத்துப் பண்ணினா பூக்கும்னு அவ சொல்லுவாளே" என்று திடீரென்று ஞாபகம் வந்தது. அரிவாளை எடுத்தார். தை மாசத்துக் கவாத்தை வைகாசியில் செய்து முடித்தபோதுதான் மூன்று குச்சிகள் மிஞ்சின.

போனை வைத்த கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு தேரடிக்குப் போனார். அங்கே பூக்கட்டி விற்கிற மாடத்தி அவரைப் பார்த்ததும் கேட்காமலே முழம் போட ஆரம்பித்தாள்.

"பிச்சிதான அண்ணாச்சி?"

"ஆமா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மொகத்தைப் பாத்தா தெரியாதா?" என்று குனிந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டு மார்த்தாள் டீச்சர் சரத்தை வாங்கி முகத்தருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணாச்சி, அக்கா இல்லாம இந்த வாசமே இல்லாமப் போச்சு. நல்லா இருங்க."

ஆறுமுகச்சாமிக்கு என்னவோ செய்தது. முப்பது வருஷமாகக் கொடுத்த எதற்கும் கையோடு காசு வாங்கித்தான் அவருக்குப் பழக்கம். கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பி வருவதில் இத்தனை சந்தோஷம் இருக்கிறதா? இதை அவள் தினம் தினம் தனியாகவே அனுபவித்திருக்கிறாளே என்று பொறாமையாகக்கூட இருந்தது. மறுநாள் இஸ்திரி வண்டிக்காரர் வீட்டுக்கும், எதிர்வீட்டு ஷரீபா பீவிக்கும் கொடுத்தார். அதற்கடுத்த நாள் தெருவுக்கே கொடுத்தார்.

அங்கேதான் வந்தது வம்பு.

"இவ்வளவு பூக்குற கொடியை நான் பாக்கணுமே. எனக்கு ரெண்டு பதியன் வேணும்" என்று டீச்சர் புறவாசலுக்கு நடந்தார்.

ஆறுமுகச்சாமி குறுக்கே பாய்ந்தார். "போகாதிய டீச்சர்! அங்கன பாம்பு கிடக்கு."

நல்ல மனசுக்காரர்களிடம் பொய் சொல்லவே கூடாது. சாயங்காலமே டீச்சர், பாம்பு பிடிக்கிற இசக்கிப்பாண்டியைக் கையோடு அனுப்பிவிட்டார். இசக்கிப்பாண்டி புறவாசலைச் சுற்றிப் பார்த்தார். மதிலோரம் நெளிந்து நின்றதைக் கம்பியால் ஒரே இழுப்பு இழுத்தார்.

"அண்ணாச்சி, இது பாம்பு இல்ல, குச்சி."

"தெரியும் வே."

"வேரோட வந்திட்டு."

"தெரியுது வே! நீரு ஒண்ணையும் பாக்கல. இந்தாரும், வீட்டம்மாவுக்குப் பூ கொண்டுபோரும்."

இப்போது ரெண்டு குச்சிகள்.

ஆனி பிறந்தது. சங்கரேஸ்வரி தினமும் காலையில் போன் பண்ணிச் செடியைப் பற்றியே பேசினாள். "காத்து அடிக்க ஆரம்பிச்சிருக்கும், பந்தலை இறுக்கிக் கட்டுங்க. மாட்டுச்சாணியைப் பச்சையாப் போட்டிராதிய, மக்கினதுதான் நல்லது. சாயங்காலம் தழையில தண்ணி தெளிங்க." அவர் எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினார். ரெண்டு குச்சிக்கு இறுக்கிப் பந்தலும் கட்டினார். அவள் சொன்னதைச் செய்துகொண்டிருக்கும் வரைக்கும் அவள் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

ஒரு நாள் அவளே கேட்டாள். "ஏங்க, எனக்கும் பாக்கணும்போல இருக்கு. சாயங்காலம் வீடியோவுல செடியைக் காட்டுங்களேன்."

மாடத்தியிடம் கட்டாத உதிரிப்பூவாகக் கூடை நிறைய வாங்கினார். முருங்கை, கொய்யா என்று கைக்குக் கிடைத்த தழையைப் பந்தலில் சொருகி, சங்கரேஸ்வரியின் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து ஒவ்வொரு பூவாகக் கட்டினார். மத்தியானச் சாப்பாட்டை மறந்து கட்டினார். வெள்ளை நூல் தீர்ந்து சிவப்பு நூலுக்குப் போனார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

வீடியோவில் சங்கரேஸ்வரி முகம் தெரிந்தது. இளைத்திருந்தாள். செடியைக் காட்ட மறந்து அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னையப் பாத்தது போதும். செடியைக் காட்டுங்க."

காட்டினார்.

"ஆத்தாடி!" என்றாள். "இத்தனை வருசத்துல அது இப்படிப் பூத்து நான் பாத்ததே இல்லையே! அதென்ன செவப்பா?"

"அது… எறும்பு."

"எறும்பு முடிச்சுப் போட்டுல்ல நிக்கு."

அந்த நேரம் பார்த்து ஆனிக்காற்று மதிலைத் தாண்டி ஒரு வீச்சு வீசியது. முருங்கைத் தழை எழும்பிப் பறந்தது. நூலில் கட்டிய பூவெல்லாம் கொத்தாகக் கழன்று அவர் வழுக்கைத் தலையில் விழுந்தது. அவசரமாகப் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார். சங்கரேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஏட்டி, சிரிக்கியா, அழுதியா?"

"ரெண்டும்தான்" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கோயிலில் கொடி ஏறிய அன்று போன் வந்தது. குழந்தை தேறிவிட்டது, மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார்கள், நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன் என்றாள். இந்த ஒரு வார்த்தைக்காக அவர் ரெண்டரை மாசமாக ஏங்கிக்கொண்டிருந்தார். வந்தபோது சந்தோஷப்பட முடியவில்லை. உயிராக வளர்த்தவள் வந்து நேரே புறவாசலுக்குத்தான் போவாள். குச்சியைப் பார்ப்பாள். நான் ஆசையாகக் கொடுத்த ஒரே பொருளை நானே கொன்றுவிட்டேன் என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

பெத்துராஜ் சொன்ன யோசனைப்படி நர்சரியிலிருந்து வளர்ந்த கொடி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். குழி தோண்டும்போது கடைசி ரெண்டு குச்சிகளும் சாய்ந்தன. நட்டு முடித்து, மண் அணைத்து, தண்ணீர் ஊற்றி நிமிர்ந்தால், எட்டிப் பார்த்த மார்த்தாள் டீச்சர் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, திடீர்னு சங்குப்பூ வச்சிருக்கிய?"

ஆறுமுகச்சாமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து தேரடிக்கு நடந்தார். திருவிழாக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாடத்தியின் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஊரில் இத்தனை பேருக்குப் பொய் சொன்னவரால், இனி இவள் ஒருத்தியிடம்தான் உண்மையைச் சொல்ல முடியும்.

"மாடத்தி, நாளைக்கு அவ வாரா."

"சந்தோசம்தான அண்ணாச்சி? மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"செடி செத்துப்போச்சு தாயி. நாந்தான் கொன்னுட்டேன். பூத்துக் குலுங்குதுன்னு அவகிட்டச் சொல்லிட்டு இங்கன வந்து வாங்கி ஊருக்கெல்லாம் குடுத்தேன். வீட்டுப் பூ, வீட்டுப் பூன்னு முப்பது வருசமா வாய் நிறையச் சொன்னவ. அவ முன்னால நான் எப்படிப் போயி நிப்பேன்?"

மாடத்தி கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்தாள். அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் பக்கம் சாய்ந்தாள்.

"அது என்னைக்கு அண்ணாச்சி பூத்துச்சு? நீங்க ஆசையா வச்ச செடி மலடாப் போச்சுன்னு தெரிஞ்சா ஒங்க மொகம் வாடிரும்னு, அந்த அக்காவும் முப்பது வருசமா எங்கிட்டதான் பூ வாங்கிட்டுப் போகுது!"